சுவரைப் பார்த்த கரண்டி

பன்னெண்டு வீடு – அத்தியாயம் 19

ஞாயிற்றுக்கிழமை காலை கொளஞ்சியம்மாள் கண் விழிக்கும்போதே இரண்டு காரியங்களை முடிவு செய்திருந்தாள். ஒன்று, மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாகத் தன் காலால் நடந்து பொது சமையக்கட்டுக்குப் போவது. இரண்டு, ஒன்பதாம் வீட்டுக் கரண்டியைச் சுவரிலிருந்து இறக்குவது.

முதல் காரியத்துக்கு டாக்டர் சம்மதித்துவிட்டார். இரண்டாவதற்கு யார் சம்மதமும் தேவையில்லை. அந்தச் சட்டத்தைப் போட்டவளே அவள்தான்.

போன வாரம் ஒன்பதாம் வீட்டுக் கரண்டி மூன்றாவது முறையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பியது நினைவிருக்கும். இன்றைக்குத்தான் நம்மோடு வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற வழியில், கல்வராயன் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், மரவள்ளிக் காட்டுக்கு நடுவே பன்னிரண்டு வீடுகள் வட்டமாக நிற்கின்றன. நடுவில் ஒரே சமையக்கட்டு. களமருதூர், மணலூர்பேட்டைப் பக்கமிருந்து ஒரே கோஷ்டியாகக் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்த குடும்பங்கள், இருபத்து நாலு வருஷத்துக்கு முன் சேர்ந்து வாங்கிய இடம் அது. வெட்டுக்குப் போன ஊர்களில் ஒரே அடுப்பில் முறை வைத்துச் சமைத்துச் சாப்பிட்டவர்கள், சொந்தக் கூரை வந்த பிறகும் அந்த அடுப்பை விடவில்லை. ஒரு வேளைச் சாப்பாடு, காலைச் சாப்பாடு, எல்லாருக்கும் பொது. ஞாயிறு தவிர மற்ற ஆறு நாளும், நாளுக்கு இரண்டு வீடு முறை.

சமையக்கட்டுச் சுவரில் பன்னிரண்டு ஆணிகள், பன்னிரண்டு இரும்புக் கரண்டிகள். முறை வந்த வீட்டார் தங்கள் கரண்டியை எடுத்துச் சமைத்துவிட்டு, கழுவி, குழிந்த பக்கம் வெளியே பார்க்கும்படி மாட்டிவிட்டுப் போக வேண்டும். முறைக்கு வராவிட்டால் கரண்டி சுவரைப் பார்த்துத் திருப்பப்படும். தொடர்ந்து மூன்று முறை அப்படித் திரும்பினால் கரண்டி இறங்கிவிடும். ஆறு மாதத்துக்கு அந்த வீட்டாருக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கை தூக்கும் உரிமை கிடையாது.

இதையெல்லாம் விடப் பெரிய சட்டம் இன்னொன்று உண்டு. ஒரு வீட்டு முறையை இன்னொரு வீடு செய்யக் கூடாது. மாற்றிக்கொள்ளவும் கூடாது.

களமருதூரில் எட்டு வயதிலிருந்து ஒரு பண்ணை வீட்டில் மாட்டுக் கொட்டகை கூட்டி, பழைய பாவாடையைக் கூலியாக வாங்கிக் கட்டியவள் கொளஞ்சியம்மாள். இங்கே வந்த இரண்டாம் வருஷம், ஒரு வீட்டார் தங்கள் முறையை விதவையான ஆயம்மாள் தலையில் கட்டிவிட்டு அவளுக்கு ஒரு பழைய புடவையைக் கொடுத்ததைப் பார்த்தாள். அன்று கூட்டத்தில் அவள் எழுந்து நின்று பேசிய பேச்சைக் கேட்டு மரத்திலிருந்த காக்கா பறந்துவிட்டது என்று இப்போதும் சொல்வார்கள். காக்கா பறந்ததோ இல்லையோ, சட்டம் அன்றே நிலைத்தது. பழைய புடவை கொடுத்தவர்கள் அப்புறம் திருப்பூருக்கே போய்விட்டார்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

"இன்னா இவ்ளோ சீக்கிரம் எழுந்துக்கின?" என்றாள் மகள் கலையரசி. விழுப்புரத்தில் ஒரு லேபில் வேலை. அம்மா நடக்கிற அழகைப் பார்க்கவென்றே லீவு போட்டுவிட்டு நேற்றுச் சாயங்காலம் வந்திருந்தாள்.

"கூட்டம் இருக்குடி. பதிமூணு வாரமா வூட்டுக்குள்ளயே கெடந்து அலுத்துப்போச்சி."

"கூட்டத்துல இன்னா பேசப் போற?"

"பேச இன்னா இருக்கு. ஒம்பதாம் வூட்டுக்காரி மூணு வியாழக்கெழம வரல. கரண்டிய எறக்குன்னு தலைவரு வீரமுத்துகிட்ட சொல்லியாச்சி."

ஒன்பதாம் வீட்டுக்காரி மூக்காயி. வெள்ளிமலைப் பக்கத்து மலைக் குடும்பம். திருப்பூருக்குப் போனவர்கள் விட்ட வீட்டுக்கு ஆறு வருஷத்துக்கு முன் புருஷன் ராஜதுரையோடு வந்து சேர்ந்தவள். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிற பெண். கொளஞ்சியம்மாளுக்கு அவள் மேல் கோபம் எதுவும் இல்லை. சட்டத்துக்கு முன்னால் கோபதாபத்துக்கு என்ன வேலை என்பது அவள் கட்சி.

"ஏன் வரலன்னு கேட்டியா?"

"கேட்டா ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுவாங்க. எனக்கில்லாத காரணமா? கால அறுத்துப் போட்டுக்கினு படுத்திருந்தேனே, என் கரண்டி ஒரு தடவ திரும்புச்சா? உங்கண்ணன் ஒரு புதன் தவறாம செஞ்சான்ல?"

புதன்கிழமை அவர்கள் வீட்டு முறை. புருஷன் கொளஞ்சியப்பன் போன பிறகும் கொளஞ்சியம்மாள் அந்தக் கரண்டியை யார் கையிலும் கொடுத்ததில்லை. ஆபரேஷனுக்குப் போகிற அன்றைக்குத்தான், சாவிக் கொத்தை ஒப்படைப்பதுபோல மகன் வீரமணியிடம் கொடுத்தாள். "நான் பாத்துக்கறம்மா" என்றான் அவன். வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறவன். கல்யாணம் இன்னும் கூடிவரவில்லை. அது வேறு கதை, வேறு வாரத்தில் பார்க்கலாம்.

மகன் சமைத்த சாப்பாடு புதன்தோறும் தூக்கில் வந்தது. அந்த மொச்சைக் குழம்பை முதல் வாய் வைத்ததுமே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். "என் கைப்பக்குவம் அப்படியே எம்மவனுக்கு எறங்கியிருக்கு. இன்னும் சொன்னா, என்னவிட ஒரு படி ஜாஸ்தி." கேட்டவர்கள் எல்லாரும் சுவரையும் கூரையையும் பார்த்தார்கள். பொறாமை என்று நினைத்துக்கொண்டாள்.

வீரமணி குளித்துவிட்டுத் துண்டோடு உள்ளே வந்தான்.

"அண்ணா, தோ பேனா எடுத்துக்கினேன்" என்றாள் கலையரசி. "அந்த மொச்சக் கொழம்பு எப்படி வைக்கறதுன்னு சொல்லு. ஹாஸ்டல்ல வச்சிப் பாக்கணும். அம்மா போன் பண்ணா அதப் பத்தியேதான் பேச்சு."

வீரமணி தலையைத் துவட்டுவதை நிறுத்தவில்லை. "அதுல இன்னா இருக்கு. மொச்சய ராத்திரியே ஊற வச்சிடணும். வெங்காயம் தக்காளிய வதக்கணும். மொளகாத்தூளு, தனியாத்தூளு..."

"புளி?"

"பன்னெண்டு வூட்டுக்குன்னா அஞ்சாறு உருண்ட. உனக்குன்னா ஒரு நெல்லிக்கா அளவு போதும்."

கொளஞ்சியம்மாள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"புளியா போட்ட?"

"புளி போடாம கொழம்பாம்மா?"

"பதிமூணு வாரமா புளிதான் போட்டியா?"

"ஆமா."

கொளஞ்சியம்மாள் மகனை ஏற இறங்கப் பார்த்தாள். நாற்பது வருஷம் அடுப்படியில் நின்ற நாக்கு அவளுடையது. அந்தக் குழம்பில் புளியே கிடையாது. மாங்காய் வத்தலின் புளிப்பு அது. அடியில் கிடந்த வத்தல் துண்டுகளை வாரா வாரம் சப்பிச் சாப்பிட்டவள், மகனுக்கு இந்த யோசனை எப்படி வந்தது என்று பூரித்துப்போயிருந்தாள்.

"வீரமணி."

அவள் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விஷயம் முற்றிவிட்டது என்று பிள்ளைகள் இரண்டுக்கும் தெரியும். கலையரசி பேனாவை மூடினாள்.

"அந்தக் கொழம்ப வச்சது யாரு?"

வீரமணி துண்டைத் தோளில் போட்டான். எடுத்தான். மறுபடி போட்டான்.

"மூக்காயிக்கா."

"எத்தினி புதன்?"

"எல்லா புதனும்."

வெளியே யாரோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. கொளஞ்சியம்மாள் விரல் விட்டு எண்ணினாள். பதிமூன்று வாரம். தான் கட்டிலில் சாய்ந்துகொண்டு குழம்புக்கு நற்சான்று கொடுத்துக்கொண்டிருக்க, இன்னொருத்தி நாலு மணிக்கு எழுந்து தன் அடுப்பை ஊதியிருக்கிறாள். பண்ணை வீட்டம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி "கூட்டினது பத்தல, இன்னொரு தரம் கூட்டு" என்று சொன்ன குரல் காதில் கேட்டது. இப்போது கட்டிலில் இருந்தது அவள்.

"ஏண்டா?"

"புதன்கெழம சந்த நாளும்மா. அன்னிக்கி ஜீப்ப எடுக்கலன்னா அந்த வாரக் கூலியே போயிடும். அக்காவுக்கு வியாழக்கெழம கஷ்டம். அவங்கப்பா மலையில விழுந்து இடுப்பு ஒடஞ்சி படுத்த படுக்கையா இருக்காரு. புள்ளைங்க ஆளுக்கொரு நாள் மாத்தி மாத்திப் பாத்துக்கறாங்க. வியாழக்கெழம அக்காவோட மொற. அதான், நீ எங்க புதன செய்யி, நான் உங்க வியாழன செய்யறேன்னு பேசிக்கினோம்."

அம்மா கணக்குப் போடுகிற வேகத்தைக் கலையரசி அவள் முகத்திலேயே பார்த்தாள்.

"அப்போ அந்த மூணு வியாழக்கெழம?"

வீரமணி துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"கேக்கறேன்ல?"

"பத்து வியாழன் சரியா செஞ்சேம்மா. அப்பால மலையில ரோடு அளக்கறவங்க ஒரு மாசத்துக்கு வண்டி கேட்டாங்க. வியாழன், வெள்ளி. காலைல நாலு மணிக்கெல்லாம் ஏத்தணும். வேற யார்னா அடுப்பப் பத்த வச்சிடுவாங்கன்னு போய்ட்டேன்."

"அவகிட்ட சொன்னியா?"

"சொன்னா அவங்கப்பாவ வுட்டுட்டு எறங்கி வந்துடும். அதான் சொல்லல."

"கரண்டி திரும்பினப்பறம்?"

"போய் நின்னேன். 'வுடு தம்பி, அம்மாவுக்குத் தெரிய வாணாம்'னுச்சி."

"யார் யாருக்கெல்லாம் தெரியும் இது?"

வீரமணி தரையைப் பார்த்துச் சொன்னான். "உன்னத் தவுர எல்லாருக்கும்."

சுவரையும் கூரையையும் பார்த்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக அவள் கண்முன் வந்து போயின. எல்லாரும் புதன்கிழமை மூக்காயி கையால் தட்டில் வாங்கிச் சாப்பிட்டவர்கள். மாற்றிக்கொள்ளக் கூடாது என்று சட்டம் இருக்கும்போது, மாற்றிக்கொண்டவன் வரவில்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் கொளஞ்சியின் கரண்டியே திரும்ப வேண்டும். அதைத் திருப்ப யாருக்கும் கை வரவில்லை. மூக்காயியின் கரண்டியைத் திருப்பக் கை வந்திருக்கிறது. நேற்று வந்தவள்தானே.

கலையரசி மெல்ல ஆரம்பித்தாள். "அம்மா, ஒண்ணும் ஆவல. வீரமுத்து அண்ணன்கிட்ட காதோட சொல்லிடு. இந்த தடவ மன்னிச்சி வுட்டுடலாம்னு நீயே கூட்டத்துல சொல்லு. அவங்க கரண்டியும் தப்பிச்சிடும், உன் பேரும் கெடாது."

"ஆமாம்மா" என்றான் வீரமணி அவசரமாக. "அது ஒண்ணுதான் வழி."

யோசித்துப் பார்த்தால் நல்ல வழிதான். கொளஞ்சிக்கு வயசாக வயசாக மனசு இளகிவிட்டது என்று நாலு பேர் மெச்சுவார்கள். மூக்காயிகூடக் கையெடுத்துக் கும்பிட்டாலும் கும்பிடுவாள். மன்னிக்கப்பட வேண்டியவளே மன்னிக்கிறவளாக எழுந்து நிற்கலாம். ஒரு நிமிஷம் கொளஞ்சியம்மாளுக்கு ஆசையாகக்கூட இருந்தது. இதை மறைப்பானேன்.

"ஊணுகோல எடு" என்றாள்.

கலையரசி கை கொடுக்க வந்தாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, தானே எழுந்து நின்றாள்.

தன் வீட்டிலிருந்து சமையக்கட்டுக்கு எழுபது தப்படி. முன்பெல்லாம் தலையில் அரிசி மூட்டையோடு ஒரு மூச்சில் நடப்பாள். இன்றைக்கு மூன்று இடத்தில் நின்றாள். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் "பரவால்லியே, நல்லா நடக்கறியே" என்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் அவர்கள் சிரிப்பும் பாதியில் நின்றது.

தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கொட்டகையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கொளஞ்சியம்மாள் முன்னால் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே கரண்டிச் சுவர். பதினொன்று வெளியே பார்த்து மின்னின. ஒன்பதாவது மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கியது.

மூக்காயியும் ராஜதுரையும் கடைசி வரிசையில் இருந்தார்கள். மூக்காயி அவளைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, முழங்காலைப் பார்த்தாள்.

இந்த வருஷத்துத் தலைவர் வீரமுத்து. ஆயம்மாளின் மகன். இருபத்திரண்டு வயதில் தண்ணீர் இறைக்கச் சொன்னால் மரவள்ளிக் காட்டுக்குள் ஓடி ஒளிந்தவன். இப்போது நாற்பத்தைந்து வயதில் மோட்டார் ரிப்பேர், குழாய் ரிப்பேர், கூரை ரிப்பேர் எல்லாவற்றுக்கும் அவன்தான். ஆள் வளர வளர வேலையும் கூடுகிறது, சிலருக்கு.

"முதல் விசயம்" என்று எழுந்த வீரமுத்து, அதற்கு மேல் போகாமல் தொண்டையைச் செருமினான். "ஒம்பதாம் வூடு. மூணு மொற. கொளஞ்சிக்கா சொல்லியிருக்காங்க."

கூட்டத்தில் எல்லாரும் தங்கள் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

ராஜதுரை எழுந்தான். "சட்டப்படி செய்யிங்க. நாங்க ஒண்ணும் சொல்லல."

அவன் உட்காருவதற்குள் கொளஞ்சியம்மாள் ஊன்றுகோலைத் தரையில் தட்டினாள்.

"நான் சொல்றன். வீரமுத்து, நீ உக்காரு."

வீரமுத்து உட்கார்ந்தான்.

"புதன்கெழம யார் மொற?"

தலைகள் கரண்டிச் சுவர் பக்கம் திரும்பின.

"சரி, நானே சொல்றேன். என் மொற. பதிமூணு புதனா அந்த அடுப்பாண்ட நின்னது யாரு? அதயும் நானே சொல்லணுமா? உங்க எல்லாருக்கும் சோறு போட்டவ அங்க கடேசில உக்காந்திருக்கா. நான் வூட்ல உக்காந்துக்கினு எம்மவன் சமைக்கறான்னு பீத்திக்கினு இருந்தேன். கேட்டுக்கினு கம்முனு இருந்தீங்க. நல்லா இருங்க."

"யக்கா, உன் கால் இருந்த நெலமைல..." என்று இழுத்தான் வீரமுத்து.

"என் கால் நெலம தெரிஞ்சி என் கரண்டிய வுட்டீங்க. அவங்கப்பா நெலம தெரிஞ்சும் அவ கரண்டிய ஏன் திருப்பின?"

வீரமுத்து தலையைச் சொறிந்தான். காது சிவந்தது.

"மூணு வியாழக்கெழம வராதது எம்மவன். பேச்சக் குடுத்துட்டு ஜீப்ப எடுத்துக்கினு போயிட்டான். அது எங்க வூட்டுத் தப்பு. முதல்ல எழுந்துபோயி அவ கரண்டியத் திருப்பு."

வீரமுத்து போய் ஒன்பதாம் கரண்டியை வெளியே பார்க்கத் திருப்பினான். அது ஆடி நிற்கும்வரை எல்லாரும் அதையே பார்த்தார்கள்.

"இப்ப என்னோடத எறக்கு."

கொட்டகையில் சலசலப்பு எழுந்தது. "இன்னாக்கா இது", "அதெல்லாம் வாணாம்" என்று இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள். வீரமுத்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் எறக்க மாட்டேன்" என்றான். "எங்கம்மா இருந்தா என்ன செருப்பால அடிக்கும்."

ஆயம்மாள் பேர் வந்ததும் கொளஞ்சியம்மாள் பார்வை சுவருக்குப் போனது. மூன்றாவது ஆணியில் ஆயம்மாளின் பழைய கரண்டி, காம்பு வளைந்தது, இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காம்பு வளைந்தது எப்போது என்று திடீரென்று அவளுக்கு ஞாபகம் வந்தது. கலையரசி பிறந்த வருஷம். கூரை போட்ட முதல் வருஷம். பச்சை உடம்புக்காரி, நீ கிட்டவே வராதே என்று சொல்லிவிட்டு, மூன்று மாதம் அவளுடைய முறையையும் சேர்த்துச் செய்தாள் ஆயம்மாள். களி கிண்டிக் கிண்டியே காம்பு வளைந்தது. அப்போது சட்டமும் இல்லை, கரண்டி திருப்புகிறவரும் இல்லை. அதை ஒருத்தருக்கொருத்தர் செய்கிற வேலை என்றுகூட யாரும் பேர் வைக்கவில்லை. இருபத்து நாலு வருஷமாக அந்தக் கரண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தும் இது எப்படித் தோன்றாமல் போனது?

"உங்கம்மா என் மொறய மூணு மாசம் செஞ்சிருக்குடா" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "தோ இவ பொறந்தப்ப. நான் மறந்துட்டேன். மறந்துட்டு, அடுத்த வருசமே ஒருத்தர் வேலைய ஒருத்தர் செய்யக் கூடாதுன்னு எழுந்து நின்னு கத்தினேன். கத்தினது தப்பில்ல. அன்னிக்கி நடந்தது அநியாயம். ஆனா அப்ப எனக்கு முப்பத்தஞ்சு வயசு. முட்டி ரெண்டும் நல்லா இருந்துச்சி. எப்பவும் அப்பிடியேதான் இருக்கும்னு நெனச்சி சட்டம் போட்டுட்டேன்."

யாரோ சிரித்தார்கள். அவளும் லேசாகச் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் கொட்டகைக்கு மூச்சு வந்தது.

"ஆனாலும் சட்டம் இருக்கற வரைக்கும் சட்டம்தான். மாத்தற அன்னிக்கி மாத்திக்கலாம். வீரமணி, நீ வா."

வீரமணி வந்தான். தங்கள் வீட்டு ஆணிக்கு முன்னால் நின்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணைக் காட்டினாள். கரண்டியை எடுத்து அவள் மடியில் வைத்தவனுக்கு மூக்கு உறிஞ்சிக்கொண்டது.

"அழாத. வியாழக்கெழம அடுப்பு மூட்டியிருந்தா இந்த அழுகை மிச்சம்."

பிறகு அவள் கடைசி வரிசையைப் பார்த்தாள்.

"மூக்காயி, ஒரு வார்த்த ஏன் எங்கிட்ட சொல்லல?"

மூக்காயி எழுந்து நின்றாள். "சொன்னா நீங்க அன்னிக்கே எழுந்து அடுப்பாண்ட வந்துடுவீங்க பெரிம்மா. அப்ப தையல் கூடப் பிரிக்கல."

"எனக்காவ நீ எதுக்குடி வேல செய்யணும்? நான் யார் உனக்கு?"

கேட்ட பிறகுதான் கேள்வியின் முள் அவளுக்கே தெரிந்தது.

மூக்காயி புடவைத் தலைப்பை ஒரு தரம் சரிசெய்துகொண்டாள். "உங்க வூட்டு வேலக்காரியா நான் செய்யல பெரிம்மா" என்றாள். "புதன்கெழம நான் இங்க செஞ்சா வியாழக்கெழம எங்கப்பாவுக்கு என் கையால கஞ்சி குடுப்பேன். எனக்கு அதுல ஒண்ணும் கம்மியா தெரியல. உங்களுக்குத்தான் அப்படித் தெரியுது."

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. கொளஞ்சியம்மாளுக்குக் கன்னத்தில் சூடு ஏறியது. யாராவது இப்படி அவளிடம் பேசி எத்தனையோ வருஷம் ஆயிற்று. பதிலுக்கு என்ன சொல்வது என்று தேடினாள். சரி என்பதைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை.

"சரி" என்றாள். "நீ சொல்றது சரி."

கூட்டம் அத்தோடு முடிந்திருக்கும். ராஜதுரை புருவத்தைத் தூக்கி மனைவியைப் பார்த்தான், வேண்டாம் என்பதுபோல. மூக்காயி உட்காரவில்லை.

"இன்னொண்ணு கேக்கணும். அண்ணன் தம்பிங்க தைக்கு அப்பறம் கேரளாவுக்கு வேலைக்கிப் போறாங்க. அப்பாவப் பாக்க மலையில ஆள் இல்ல. இங்க கூட்டிக்கினு வந்துடலாம்னு இருக்கோம். அவருக்கும் காலையில இந்த அடுப்புச் சோறுதான். ஆனா அவரால ஒரு வேலையும் செய்ய முடியாது. இன்னிக்கும் முடியாது, என்னிக்கும் முடியாது. அவரப் பாத்துக்கினா நானும் பாதி மொறைக்கு வர முடியாது." அவள் சுவரைப் பார்த்தாள். "அதுக்கு உங்க சட்டம் இன்னா சொல்லுது?"

சட்டம் எதுவும் சொல்லவில்லை. இதை நினைத்து யாரும் சட்டம் போட்டதில்லை. முப்பத்தைந்து வயதில் யார் நினைப்பார்கள்?

முன் வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. "ஒருத்தருக்கு வுட்டா நாளைக்கி எல்லார் வூட்லயும் ஒருத்தர்" என்று ஒரு குரல். "அப்ப படுத்துக்கினவங்கள இன்னா பண்ணச் சொல்ற?" என்று இன்னொரு குரல். ஆறு வீடு இந்தப் பக்கம், ஆறு வீடு அந்தப் பக்கம் என்று வீரமுத்து பார்வையிலேயே எண்ணிவிட்டான்.

"வர்ற ஞாயித்துக்கெழம கை தூக்கிப் பாத்துக்கலாம்" என்றான். அப்புறம் கொளஞ்சியம்மாள் மடியில் கிடந்த கரண்டியைப் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "யக்கா, பன்னெண்டுல ஒண்ணு போச்சி. அன்னிக்கி உன் கை கெடையாது" என்றான்.

கொளஞ்சியம்மாளுக்கு அது இப்போதுதான் உறைத்தது. இந்தப் பதிமூன்று வாரத்தை விட்டால், இருபத்து நாலு வருஷத்தில் அவள் கை தூக்காத ஞாயிற்றுக்கிழமை இல்லை. தூக்கியே ஆக வேண்டிய ஞாயிற்றுக்கிழமை வரும்போது, தானே இறக்கிய கரண்டியோடு அவள் கையும் இறங்கிவிட்டது.

கலையரசி பக்கத்தில் வந்து குனிந்தாள். "திரும்ப மாட்டிடச் சொல்லும்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"எடுத்தது எடுத்ததுதான்."

எல்லாரும் கலைய ஆரம்பித்தார்கள். அவள் ஊன்றுகோலை ஊன்றி எழுந்து, ஒன்று இரண்டு என்று எட்டு வைத்து, கடைசி வரிசை வரைக்கும் போனாள். மூக்காயி ஓடி வந்து பிடிக்கக் கை நீட்டினாள். இந்தத் தடவை கொளஞ்சியம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பாவுக்கு மொச்சக் கொழம்பு புடிக்குமா?"

"அவர்கிட்ட கத்துக்கினதுதான் அது."

"அப்படியா சங்கதி." கொளஞ்சியம்மாள் தலையை ஆட்டினாள். "ஆறு நாள் இருக்கு. எதுத்து நிக்கற ஆறு வூட்டுக்கும் போயிப் பேசணும். நடக்க முடியாது, அவங்கதான் வரணும். புதன்கெழம காலைல அடுப்பாண்ட எனக்கு ஒரு ஸ்டூல் போட்டு வை."

"கரண்டி இல்லியே பெரிம்மா."

"என் மொறதான் கரண்டியோட எறங்கிடுச்சே, அடுப்பு உன்னுது. சின்ன வெங்காயம் நான் உரிக்கறேன். சோறு வாங்க எல்லாரும் அங்கதான வந்தாவணும்."